கறவை மாடுகளுக்கான தாது உப்புக் கலவை

தாது உப்புக் கலவை என்பது, கறவை மாடுகளின் அன்றாடத் தீவனத்தில் போதிய அளவு கிடைக்காத கனிமச் சத்துக்களை ஈடுசெய்வதற்காகத் தீவனத்துடன் சேர்த்து அளிக்கப்படும் தூள் ஆகும். கால்சியம், பாசுபரசு, மக்னீசியம் போன்ற பெருங்கனிமங்களும், துத்தநாகம், செப்பு, அயோடின், கோபால்ட்டு போன்ற நுண்கனிமங்களும் இதில் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கப்பட்டிருக்கும். பால் உற்பத்தி, கன்றின் வளர்ச்சி, உரிய காலத்தில் சினை பிடித்தல், எலும்பு வலிமை, நோய் எதிர்ப்பு ஆகியவற்றுக்கு இக்கனிமங்கள் இன்றியமையாதவை.

எல்லா மாடுகளுக்கும் எல்லா இடங்களிலும் ஒரே கனிமம் குறைவதில்லை. எது குறைகிறது என்பதைத் தீவனத் தொட்டியில் விழும் தீவனமே பெரிதும் தீர்மானிக்கிறது. நியூசிலாந்தில் தீவன பீட்ரூட் மேயும் பசுவும், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியில் வைக்கோல் தின்னும் பசுவும் முற்றிலும் வேறுபட்ட சூழலில் வாழ்ந்தாலும், இரண்டுக்கும் பாசுபரசுக் குறைபாடு ஏற்பட வாய்ப்பு உண்டு.

தேவை

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியமும் 0.9 கிராம் பாசுபரசும் உள்ளன. ஓர் ஈற்றில் 3,000 லிட்டர் பால் தரும் கலப்பினப் பசு, பாலின் வழியாக மட்டும் சுமார் 3.6 கிலோகிராம் கால்சியத்தையும் 2.7 கிலோகிராம் பாசுபரசையும் வெளியேற்றுகிறது. தீவனத்திலிருந்து இது ஈடுசெய்யப்படாவிட்டால் பசு தன் எலும்பிலிருந்து இவற்றை எடுத்துக்கொள்ளும். உடலிலுள்ள கால்சியத்தில் 98 விழுக்காட்டுக்கு மேலும், பாசுபரசில் சுமார் 80 விழுக்காடும் எலும்பிலும் பல்லிலும் சேமிக்கப்பட்டிருப்பதால், குறைபாடு உடனடியாக வெளியில் தெரிவதில்லை. மாதக்கணக்கில் பால் தந்த பின்னரே பசு மெலிவதும், சினை பிடிக்கத் தவறுவதும் கவனத்துக்கு வருகின்றன.

குறைந்த அளவு பால் தரும் நாட்டு மாடுகளுக்கு மேய்ச்சலில் கிடைக்கும் பலவகைப் புல், பூண்டு, தழை ஆகியவை பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. கலப்பின மாடுகள் பெருகிப் பால் அளவு கூடியதும், மேய்ச்சல் நிலம் குறைந்து கட்டுத்தறித் தீவனம் மிகுந்ததும் கனிமத் தேவைக்கும் கிடைக்கும் அளவுக்கும் இடையிலான இடைவெளியை விரிவாக்கின.

கனிமங்களும் பணிகளும்

- கால்சியம்: எலும்பு, பால், தசைச் சுருக்கம், நரம்புச் செயற்பாடு. கன்று ஈன்ற உடன் திடீரெனக் குறைந்தால் பால்காய்ச்சல் உண்டாகும்.
- பாசுபரசு: எலும்பு, உயிரணுக்களின் ஆற்றல் பரிமாற்றம், சினைப்பருவம். குறைந்தால் பசியின்மை, மண், துணி, எலும்பு முதலியவற்றைத் தின்னுதல், சினைப்பருவம் வெளிப்படாமை ஆகியவை தோன்றும்.
- மக்னீசியம்: நரம்பு, தசை ஆகியவற்றின் செயற்பாடு. எலும்பிலிருந்து கால்சியத்தை வெளிக்கொணரும் இயக்குநீர் சரிவரச் செயற்படவும் இது வேண்டும்.
- சோடியம், குளோரின்: உடல் நீர்மச் சமநிலை. புற்களில் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருப்பதால் சோற்றுப்பு தனியே தேவைப்படுகிறது.
- துத்தநாகம்: தோல், குளம்பு, காம்புத் துவாரத்தின் காப்புப் படலம்.
- செப்பு: இரத்தம் உருவாதல், மயிரின் நிறம், எலும்பு உறுதி. குறைந்தால் மயிர் வெளிறும்.
- அயோடின்: தைராய்டு இயக்குநீர். குறைந்தால் கன்றுகள் கழுத்துக் கழலையுடனோ உயிரற்றோ பிறக்கலாம்.
- கோபால்ட்டு: அசைபோடும் விலங்குகளின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இதனைக் கொண்டு உயிர்ச்சத்து பி12 ஐ உருவாக்குகின்றன.
- செலீனியம்: உயிர்ச்சத்து ஈ உடன் இணைந்து திசுக்களைக் காக்கிறது. இதன் குறைபாடு நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதற்குக் காரணங்களுள் ஒன்று.

தீவன வகைகளும் கனிம அளவும்

வைக்கோல்

நெல் வைக்கோலில் பாசுபரசு மிகக் குறைவு; உலர் எடையில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு மட்டுமே. மணி முற்றும்போது செடியிலுள்ள பாசுபரசின் பெரும்பகுதி நெல்மணிக்குச் சென்றுவிடுவதே இதற்குக் காரணம். அந்த மணியில் உள்ளதும் பெரும்பாலும் அதன் புறப்படலத்தில் தங்கித் தவிடாகப் பிரிகிறது. வைக்கோலில் சிலிக்காவும் ஆக்சலேட்டும் மிகுதி. ஆக்சலேட்டு கால்சியத்துடன் சேர்ந்து கரையாத உப்பாக மாறுவதால், ஆய்வுக்கூட அளவில் காணப்படும் கால்சியம் முழுவதும் மாட்டுக்குப் பயன்படுவதில்லை.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்

தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரிடப்படும் இப்புல் மிகுந்த விளைச்சல் தருவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட கோ 4 இரகம் இவ்வகையைச் சேர்ந்தது. இதிலும் ஆக்சலேட்டு உண்டு; இளம்புல்லில் அது கூடுதல். பெருவயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைக்கும் திறனைப் படிப்படியாகப் பெறுவதால், பழகிய மாடுகளுக்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆயினும் இப்புல்லை மட்டுமே மாதக்கணக்கில் அளித்தால் கால்சியம் பற்றாமற்போகலாம்.

தவிடும் பயறுவகைத் தீவனங்களும்

அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு ஆகியவை பாசுபரசு மிகுந்தவை. ஒரு கிலோகிராம் கோதுமைத் தவிட்டில் சுமார் 10 கிராம் பாசுபரசு இருக்கும். அதன் பெரும்பகுதி பைட்டேட்டு என்னும் வடிவில் உள்ளது. கோழி போன்ற பறவைகள் இதனைச் சரிவரச் செரிப்பதில்லை. மாடு தன் பெருவயிற்று நுண்ணுயிர்களின் துணையால் செரித்துக்கொள்கிறது. மாறாகத் தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு. கடலைக்கொடி, வேலிமசால், குதிரைமசால், காராமணி, அகத்தி போன்ற பயறுவகைத் தீவனங்களில் கால்சியம் மிகுதி. எனவே தவிடும் பயறுவகைத் தீவனமும் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றன.

தீவன பீட்ரூட்

குளிர் மண்டல நாடுகளில் கிழங்குக்காகப் பயிரிடப்படும் தீவன பீட்ரூட், காய்கறியாகப் பயன்படும் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்தது. நியூசிலாந்தின் தென்தீவில் 2010 களில் இது வேகமாகப் பரவியது. அங்கு மாடுகள் வயலிலேயே கிழங்கைக் கடித்து மேய்கின்றன. கிழங்கின் உலர்பொருளில் பாதிக்கு மேல் சர்க்கரை இருப்பதால் ஆற்றல் மிகுதி. ஆனால் பாசுபரசும் புரதமும் குறைவு. இலையில் கால்சியம் இருப்பினும் ஆக்சலேட்டு அதனைப் பிணைத்துக்கொள்கிறது. ஆகவே அங்குள்ள பண்ணையாளர்கள், கிழங்குடன் தரும் பதப்படுத்திய புல்லின் மீது டைகால்சியம் பாசுபேட்டுத் தூளைத் தூவுகின்றனர். பழகாத மாடு ஒரே நாளில் மிகுதியாகக் கிழங்கைத் தின்றால் பெருவயிற்றில் அமிலம் பெருகி இறக்கவும் நேரிடும். எனவே இரண்டு அல்லது மூன்று வாரங்களில் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது அங்கு வழக்கம். இந்தியாவில், இராசத்தானின் வறண்ட பகுதிகளுக்கு உவர்நீரையும் தாங்கும் பயிர் என்ற வகையில், சோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இதனைப் பயிரிட்டு ஆய்ந்துள்ளது.

நத்தம் பகுதியில்

திண்டுக்கல் மாவட்டம் 1985 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் கிழக்குப் பகுதியில் சிறுமலை, கரந்தமலை ஆகியவற்றுக்கு அருகில் அமைந்துள்ள நத்தம், மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. திண்டுக்கல் சமவெளியின் பிற மானாவாரிப் பகுதிகளைப் போன்றே இங்கும் சோளத்தட்டை, வைக்கோல், கடலைக்கொடி ஆகியவை உலர்தீவனங்களாகப் பயன்படுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சில மாதங்கள் பசும்புல் கிடைக்கும். கோடையில் மாடுகள் ஏறத்தாழ முழுவதும் தட்டையையும் வைக்கோலையும் நம்பியிருக்கும். எனவே கனிமக் குறைபாடு கோடையில் மிகுவது எதிர்பார்க்கத்தக்கது.

தமிழ்நாட்டின் கால்நடை இனவிருத்திக் கொள்கைப்படி, சமவெளிப் பகுதிகளில் செர்சி இனக் கலப்பும், மலைப்பகுதிகளில் ஓல்சுடீன் பிரீசியன் இனக் கலப்பும் பரிந்துரைக்கப்பட்டன. செர்சி இனம் வெப்பத்தை ஓரளவு தாங்குவதோடு கொழுப்பு மிகுந்த பாலும் தருவது. எனினும் பால்காய்ச்சலுக்கு மிக எளிதில் ஆளாகும் இனமும் அதுவே. எனவே சமவெளியில் கலப்பினப் பசு வளர்ப்போர், குறிப்பாக மூன்றாம் ஈற்றுக்குப் பின், கன்று ஈனும் காலத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது.

திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து காணப்படுகிறது. நீண்டகாலம் மிகையான புளோரைடு உட்கொள்ளும் மாடுகளின் பல்லும் எலும்பும் பாதிக்கப்படும். இத்தகைய இடங்களில் புளோரின் குறைந்த, தரச்சான்று பெற்ற கலவையைத் தேர்ந்தெடுப்பது முக்கியமானது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

400 கிலோகிராம் எடையுள்ள பசு நாளொன்றுக்கு 10 லிட்டர் பால் தருவதாகக் கொள்வோம். அதன் தீவனத்தில் நாளொன்றுக்குச் சுமார் 48 கிராம் கால்சியமும் 30 கிராம் பாசுபரசும் இருக்க வேண்டும்.

- 6 கிலோகிராம் வைக்கோலில் கிடைக்கும் பாசுபரசு: ஏறத்தாழ 6 கிராம்.
- 2 கிலோகிராம் கோதுமைத் தவிட்டில் கிடைப்பது: ஏறத்தாழ 20 கிராம்.
- 50 கிராம் தாது உப்புக் கலவையில் (12 விழுக்காடு பாசுபரசு கொண்டது) கிடைப்பது: 6 கிராம்.

மூன்றும் சேர்ந்தால் தேவை நிறைவுறுகிறது. தவிட்டை நீக்கிவிட்டு வைக்கோலும் கலவையும் மட்டும் அளித்தால் 12 கிராம் மட்டுமே கிடைக்கும். அது தேவையில் பாதிகூட இல்லை. அதே போன்று 50 கிராம் கலவையிலிருந்து கிடைக்கும் கால்சியம் 10 கிராம் மட்டுமே. எஞ்சியதைப் பயறுவகைத் தீவனமே தர இயலும். இக்கணக்கிலிருந்து, தாது உப்புக் கலவை நல்ல தீவனத்தின் இடத்தை நிரப்புவதில்லை, அதில் எஞ்சும் குறையையே நிரப்புகிறது என்பது புலனாகும். நுண்கனிமங்களின் நிலை வேறு. துத்தநாகம், செப்பு, அயோடின், கோபால்ட்டு ஆகியவை மில்லிகிராம் அளவிலேயே தேவைப்படுவதால், 50 கிராம் கலவை அத்தேவையின் பெரும்பகுதியை ஈடுசெய்ய வல்லது.

குறைபாட்டால் வரும் முக்கிய நோய்கள்

பால்காய்ச்சல்

பெயரில் காய்ச்சல் இருப்பினும் இந்நோயில் உடல் வெப்பம் கூடுவதில்லை. மாறாகக் காது, கால் நுனிகள் குளிர்ந்திருக்கும். கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் இது பெரும்பாலும் தோன்றும். பசுவின் இரத்த நீர்மத்தில் எந்நேரமும் இரண்டு அல்லது மூன்று கிராம் கால்சியமே சுழல்கிறது. 5 லிட்டர் சீம்பாலில் 11 கிராமுக்கு மேல் கால்சியம் வெளியேறுகிறது. எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் கால்சியத்தை உடனே பெறும் அமைப்பு விழித்தெழத் தாமதமானால், பசு தள்ளாடி விழுந்து, தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். சிகிச்சை இன்றேல் சில மணி நேரங்களில் உயிரிழக்கும்.

கால்நடை மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட்டுக் கரைசலை இரத்தக்குழாய் வழியே மெதுவாகச் செலுத்துவதே சிகிச்சை. விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதால் பிறர் இதனை முயலுதல் ஆகாது. படுத்துவிட்ட பசுவின் வாயில் மருந்தோ நீரோ ஊற்றுவதும் ஆபத்தானது. விழுங்கும் திறன் குன்றியிருப்பதால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். மருத்துவர் வரும்வரை பசுவை ஒருபக்கமாகச் சாயவிடாமல், நெஞ்சு தரையில் படிந்திருக்குமாறு வைக்கோல் மூட்டைகளால் தாங்கி வைக்க வேண்டும்.

பால்வற்றிய காலத்தில் கால்சியத்தை மிகுதியாக அளிப்பது இந்நோயைத் தடுக்கும் எனப் பலரும் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. குடலில் கால்சியம் தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து அதனைப் பெறும் அமைப்பு மந்தமடைகிறது. கன்று ஈன்ற அன்று அது உடனடியாகச் செயற்படாது. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் கால்சிய மருந்துகளையும், கால்சியமோ பொட்டாசியமோ மிகுந்த பசுந்தீவனங்களையும் குறைத்து, ஈன்ற உடன் கால்சியத்தைக் கூட்டுவதே பயன்தரும் முறை. நோய் வரக்கூடிய பசுவை முதல் ஓரிரு நாட்கள் முழுமையாகக் கறக்காமல் விடுவதும் வழக்கம்.

ஈற்றுக்குப் பின் சிவப்புச் சிறுநீர்

கன்று ஈன்ற சில வாரங்களில், பாசுபரசு மிகக் குறைந்த மாடுகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் காப்பி நிறமாக வெளியேறும். பீட்ரூட் வகைத் தீவனம் தின்னும் பசுக்களிடமும், இந்தியாவில் எருமைகளிடமும் இது அறியப்பட்டுள்ளது. உண்ணிகளால் பரவும் பபேசியா நோயிலும் சிறுநீர் இவ்வாறே சிவப்பதால், மருத்துவர் இரத்தத்தை ஆய்ந்தே காரணத்தை உறுதிசெய்ய இயலும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

சினை பிடிக்காமை

குறைபாடுகளுள் மிகப் பரவலானதும், மெதுவாக இழப்பைத் தருவதும் இதுவே. சினைப்பருவம் வெளிப்படாமை, பலமுறை சினை ஊசி போட்டும் தங்காமை ஆகியவற்றுக்குப் பாசுபரசு, செப்பு, துத்தநாகம், கோபால்ட்டு, அயோடின் ஆகியவற்றின் பற்றாக்குறை ஒரு காரணமாகலாம். தவறும் ஒவ்வொரு சினைப்பருவமும் அடுத்த ஈற்றை 21 நாட்கள் தள்ளிப்போடுகிறது. ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது வெறும் தீவனச் செலவு மட்டுமே மிஞ்சும் காலமாகும். எனினும் போதிய ஆற்றலும் புரதமும் இல்லாமை, குடற்புழு, கருப்பை நோய் ஆகியவையும் இதே விளைவைத் தருவன என்பதால், கலவை ஒன்றே தீர்வாகிவிடாது.

கலவையின் தரம்

இந்தியத் தரநிர்ணய அமைவனம் கால்நடைத் தாது உப்புக் கலவைக்கு ஐ.எசு. 1664 என்ற தர அளவை வகுத்துள்ளது. இதில் உப்பு சேர்ந்தது, உப்பு சேராதது என இரு வகைகள் உண்டு. உப்பு சேராத வகையில் குறைந்தது 20 விழுக்காடு கால்சியமும், 12 விழுக்காடு பாசுபரசும், 5 விழுக்காடு மக்னீசியமும் இருத்தல் வேண்டும், புளோரின் 0.07 விழுக்காட்டை மிஞ்சலாகாது.

பாசுபரசே கலவையில் விலை மிகுந்த பகுதி. விலை குறைந்த கலவைகளில் சுண்ணாம்புத் தூளே மிகுந்திருக்கக் கூடும். எனவே வாங்குவோர் பையின் மீது அச்சிடப்பட்ட பாசுபரசு விழுக்காட்டை முதலில் பார்ப்பது நல்லது. புளோரின் நீக்கப்படாத பாறைப் பாசுபேட்டைத் தீவனத்தில் சேர்க்கலாகாது. முற்காலத்தில் எலும்புத்தூள் பாசுபரசு மூலமாகப் பயன்பட்டது. பிரித்தானியாவில் 1986 இல் பித்தப்பசு நோய் கண்டறியப்பட்டு, இறைச்சி எலும்புத்தூளால் அது பரவுவது தெரியவந்ததால், 1988 இல் அசைபோடும் விலங்குகளின் புரதத்தை அவற்றின் தீவனத்தில் சேர்ப்பது அங்கு தடைசெய்யப்பட்டது. இப்போது டைகால்சியம் பாசுபேட்டே பெரிதும் பயன்படுகிறது.

அளிக்கும் முறை

- கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை அளிப்பது தமிழ்நாட்டில் வழக்கம். மிகுதியாகப் பால் தரும் மாடுகளுக்கு மேலும் தேவைப்படலாம். கலவைக்குக் கலவை செறிவு மாறுவதால் பையில் குறித்துள்ள அளவே பின்பற்றத்தக்கது.
- கன்று, கிடேரி ஆகியவற்றுக்கு எடைக்கு ஏற்பக் குறைந்த அளவு போதும்.
- கலவையைத் தவிடு அல்லது அடர்தீவனத்துடன் நன்கு பிசறி இருவேளையாகப் பிரித்து அளிக்கலாம். கழனித்தண்ணீரில் கொட்டினால் தூள் அடியில் படிந்து வீணாகும்.
- உப்பு சேராத கலவையாயின் சோற்றுப்பைத் தனியே, நாளுக்குச் சுமார் 30 கிராம், சேர்க்க வேண்டும். தூய நீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும்.
- தொழுவத்தில் தொங்கவிடப்படும் உப்புக் கட்டியை மாடுகள் உப்புச் சுவைக்காகவே நக்குகின்றன. ஒவ்வொரு மாடும் நக்கும் அளவு மாறுவதால் கலவைக்கு அது முழு மாற்றாகாது.
- ஈரம் படாத இடத்தில் மூடி வைக்க வேண்டும்.

பயன் ஒரு வாரத்தில் தெரிவதில்லை. எலும்பிலும் கல்லீரலிலும் இழந்த இருப்பு மீள்வதற்குச் சில மாதங்கள் ஆகும்.

மிகையின் தீங்கு

கனிமங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவன. கால்சியம் மிகையானால் துத்தநாகம் உட்கிரகிக்கப்படுவது குறைகிறது. மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்தால் செப்பு பயனற்றுப் போகிறது. பொட்டாசியம் மிகுந்த புல் மக்னீசியத்தைத் தடுக்கிறது. செலீனியத்தின் தேவைக்கும் நச்சு அளவுக்கும் இடையிலான வேறுபாடு சிறியது. செம்மறி ஆடுகள் செப்பு நச்சுக்கு எளிதில் ஆளாவதால், மாட்டுக்கான கலவையை அவற்றுக்கு அளித்தல் கூடாது.

வரலாறு

தென்னாபிரிக்காவில் ஆர்னால்டு தெய்லரும் அவருடைய குழுவினரும் 1920 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மேய்ச்சல் மாடுகள் இறந்த விலங்குகளின் எலும்பைக் கடித்து நச்சுப்பட்டு மடிவதை ஆராய்ந்தனர். புல்லில் பாசுபரசு இல்லாமையே மாடுகளை எலும்பு தேடச் செய்தது என்றும், எலும்புத்தூள் அளித்தால் அப்பழக்கம் நீங்கி மாடுகள் செழிக்கின்றன என்றும் அவர்கள் காட்டினர். 1925 இல் டிரையர், கிரெய்க் ஆகியோர் பால்காய்ச்சலுக்கு இரத்தக் கால்சியக் குறைவே காரணம் என்ற கருத்தை முன்வைத்தனர். 1935 இல் ஆத்திரேலியாவில், மேய்ச்சல் மிகுந்தும் கால்நடைகள் மெலிந்து சாவதற்குக் கோபால்ட்டுக் குறைபாடே காரணம் என்பது கண்டறியப்பட்டது.

இந்தியாவில், 1965 இல் தொடங்கப்பட்ட தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம், வெவ்வேறு வட்டாரங்களின் தீவனங்களையும் மாடுகளையும் ஆய்ந்து, அந்தந்த வட்டாரத்தில் குறையும் கனிமங்களுக்கு ஏற்ற தனிக் கலவைகளை உருவாக்கும் முறையை ஊக்குவித்தது. 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தானுவாசு என்னும் தன் பெயர்ச்சுருக்கத்தில் தாது உப்புக் கலவையைத் தயாரித்து உழவர்களுக்கு வழங்கிவருகிறது. திண்டுக்கல்லில் உள்ள இப்பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் அப்பகுதி கால்நடை வளர்ப்போருக்குப் பயிற்சி அளிக்கிறது.